ஐடா உறை ஊற்றிய தயிர்

— தொறக்காதீங்கண்ணா! கையை எடுங்க! மூடி மேல கை வெச்சீங்கன்னா நான் அப்டியே திரும்பி எங்க வூட்டுக்குப் போய்டுவேன்!

— தொறந்து பாக்காம எப்டி பார்வதம்மா தெரியும், நல்லாருக்கா கெட்டுப்போச்சான்னு? மூடிக்கு முன்னாடி முட்டி போட்டு ஜெபம் பண்ணச் சொல்றியா?

— அய்யய்ய, அதுக்கு ஒரு மொறை கீது. மொதல்ல இன்னா நடந்துச்சின்னு சொல்லுங்க. செவுத்துக்கு அந்தாண்டேந்து "பார்வதம்மா ஓடியா, ஓடியா"ன்னு கத்தின கத்துல, மனுசன் வழுக்கி வுழுந்துட்டாரோன்னு கொழம்பை அடுப்புலயே வுட்டுட்டு ஓடியாந்துக்கீறேன்.

— நான் எங்கம்மா வுழுந்தேன்? எழுந்துட்டேன்னு சொல்லு! இந்தா, இது எங்க இருந்துச்சு தெரியுமா? ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டு, கடைசி மூலை. அந்தப் பெரிய மாவு டப்பாக்குப் பின்னாடி. ரோஸ் மூடி போட்ட பீங்கான் கிண்ணம். யார் கிண்ணம் இது?

— ஐடாக்காவுது.

— உள்ள இருக்கறது யார் தயிர்?

— அக்கா ஒறை ஊத்தினதா? நெஜமாவா?

— கடைசியா ஊத்தினது! நெஞ்சு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனாளே, அதுக்கு மொத நாள் ராத்திரி. நான் அந்த நாற்காலில உக்காந்துக்கினு இருந்தேன். பால்ல விரலை வுட்டு சூடு பாத்தா, ஒறை ஊத்தினா, மூடி வெச்சா, காலைல ஃப்ரிட்ஜுல எடுத்து வெச்சா. என் கண்ணால பாத்தேன். அவ போயி மாசம் ஆகப்போவுது, நான் இந்தக் கதவையே தொறக்கல. நீ அனுப்பறதைச் சாப்பிடறேன், தட்டைக் கழுவறேன், படுக்கறேன். இன்னைக்கித் தொறந்தா, இது ஒண்ணும் நடக்காத மாதிரி உக்காந்துக்கினு இருக்கு!

— அந்த மாவு?

— மாவைப் பத்தி மட்டும் கேக்காதே. அதைக் கண்ணை மூடிக்கினு வெளிய கொண்டு போய்ட்டேன்.

— எங்க வூடா இருந்தா அன்னிக்கே எல்லாத்தையும் கொட்டியிருப்போம். சாவு வுழுந்த வூட்ல சமைச்சது, புடிச்சி வெச்ச தண்ணி, பாலு, தயிரு, ஒண்ணு விடாம வெளிய போய்டும். உங்கள்ல அந்தப் பழக்கம் இல்லியே, நாம எப்டித் தொடறதுன்னுதான் நான் ஃப்ரிட்ஜு பக்கமே போவல.

— தொடாம வுட்டியே, நீ நல்லாருக்கணும்.

— சரி, மாசம் பூரா தொறக்காத கதவை இன்னைக்கி இன்னாத்துக்குத் தொறந்தீங்க?

— எலைன் போன் பண்ணா.

— புள்ளை எப்டிண்ணா கீறா? இன்னும் வாந்திதானா?

— அப்டியேதான். வயித்துல உசுரு நாலாவது மாசத்துல இருக்கு, அவ வாய்ல ஒரு பருக்கை தங்கல. மறுபடியும் குளுகோஸ் ஏத்தி அனுப்பியிருக்காங்க. மாப்பிள்ளை பெங்களூர்ல கெடைக்கற எல்லாத்தையும் வாங்கி வெச்சிப் பாத்துட்டார். பழம், ரொட்டி, பாக்கெட் தயிரு, எதைப் பாத்தாலும் கொமட்டுது. ஆனா கேளு பார்வதம்மா, இன்னைக்கி அவளே வாயைத் தொறந்து கேட்டா! "டாடி, எனக்கு மம்மி தயிர்ல சோறு சாப்பிடணும் போல இருக்கு. வேற எதுவும் வேணாம். மம்மி தயிர் இனிமே எங்க கெடைக்கும் டாடி"ன்னு கேட்டா. இந்த மாசத்துல அந்தப் பொண்ணு பசின்னு கேட்டது இதான் மொத தடவை!

— என் கண்ணு... அக்கா இருக்க சொல்ல அந்தத் தயிர் சோறு ஒண்ணுதான அவளுக்கு ஒத்துக்கினு இருந்துச்சு. எங்க மருமவ மமதாதான தெனம் ஆபீஸ் போவ சொல்ல ட்ரெயின்ல எடுத்துக்கினு போய்க் குடுப்பா.

— அது ஒண்ணுதான் வயித்துல நின்னுச்சு. டாக்டரம்மாவும் அதையே சொல்றாங்களாம், எது நிக்குதோ அதைக் குடுங்கன்னு. நான் போனை வெச்சேன், நேரா வந்து இந்தக் கதவைத் தொறந்தேன். இருக்கு! எம் பொண்ணு கேட்டது இருக்கு! இப்ப ஒரே வேலைதான். இதுல ஒரு கரண்டி எடுத்து புதுப் பால்ல ஒறை ஊத்தறோம். காலைல தோஞ்சிடும். மொத ட்ரெயினைப் புடிக்கறேன். வெயில் ஏறறதுக்குள்ள புள்ளை வாய்ல தயிர் சோறு!

— இருங்க, இருங்க. நீங்க வேலை பாத்த தங்க மைன்ல பெல்லு அடிச்சதும் கேஜ் எறங்கற மாதிரி எறங்காதீங்க. இது நந்திதுர்க் ஷாஃப்ட் இல்ல, தயிரு. அவ வயித்துல வேற ஒரு உசுரு கீது. நல்லாருந்தா அமிர்தம், கெட்டிருந்தா விஷம்.

— அதுக்குத்தான உன்னைக் கூப்ட்டேன். இந்த மைன் லைன் வூடுங்கள்ல தயிரைப் பத்தித் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தி போய்ட்டா.

— அண்ணா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. எங்க வூட்ல தயிர் இல்லியா? நான் அப்பவே சொன்னேன், மமதாகிட்ட என் தயிரைக் குடுத்தனுப்பறேன்னு. நீங்கதான் வேணாம்னீங்க.

— உன் தயிரா?

— அந்த "உன் தயிரா"க்கு இன்னா அர்த்தம்?

— அர்த்தம் இன்னா இருக்கு. நல்ல தயிர்தான்.

— "தான்"ஆ? தெனம் ஒரு கிண்ணம் என் தயிரைத்தான் சாப்பிடறீங்க. கிண்ணம் திரும்பி வர சொல்ல கழுவற வேலையே இருக்காது, அப்டி வழிச்சி வெக்கறீங்க.

— பசிம்மா. பசிக்கு எது குடுத்தாலும் எறங்கும். ஐடா தயிர் வேற. நாக்குல வெச்சா மொதல்ல பாலோட இனிப்புதான் தெரியும், புளிப்பு கடைசில வந்து லேசா தொட்டுட்டுப் போவும். உன்னுது வாசல்லயே நின்னுக்கினு சத்தம் போடும். எலைன் மோந்து பாத்தாலே கண்டுபுடிச்சிடுவா, இது பார்வதி ஆன்ட்டி வூட்டுதுன்னு.

— எங்க அம்மா குடியாத்தத்துலேந்து தூக்குச் சட்டில குடுத்தனுப்பிச்ச ஒறைண்ணா அது! நான் கல்யாணம் பண்ணிக்கினு இந்த லைனுக்கு வந்த அன்னிலேந்து ஒரு நாள் விட்டுப்போவல. மைனை மூடினாங்க. என் ஒறையை யாரால மூட முடிஞ்சிச்சு? அக்காவும் நானும் இதுக்குப் போடாத சண்டையா? உப்பு வாங்குவோம், சக்கரை வாங்குவோம், ஒருத்தர் பொடவையை ஒருத்தர் கட்டிக்கினு கல்யாணத்துக்குப் போவோம். ஒறை மட்டும் அவங்க வூட்லேந்து எங்க வூட்டுக்கு வந்ததும் இல்ல, எங்க வூட்லேந்து இங்க வந்ததும் இல்ல. அது வேற கணக்கு.

— தெரியும், தெரியும். ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கினு ருசி சொல்ல முடியாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

— இப்ப பாருங்க, இந்த மாசம் எப்டி தோயுது தெரியுமா? சட்டியைக் கவுத்தாலும் வுழாது. பால்காரர் தாமோதரன்கிட்ட ஒரு சத்தம் போட்டேன், பேத்தமங்களா ஏரியையே எங்க பால்ல ஊத்தறீங்களான்னு. மனுசன் பயந்துட்டாரு.

— தாமோதரனாவது பயப்படறதாவது. இப்ப இந்தக் கிண்ணத்தைப் பாரும்மா. பால் ஆறிக்கினு இருக்கு.

— பாலை வேற காய்ச்சிட்டீங்களா!

— காய்ச்சி, ஆற வெச்சி, விரலை வுட்டுப் பாத்து, எல்லாம் ரெடி. ஒரு கரண்டிதான் பாக்கி.

— உங்களோட எனக்கு... சரி, குடுங்க இப்டி. மொதல்ல மூக்கு. மூடியை ஓரமா ஒரு விரல் அளவு மட்டும் தூக்கணும்.

— நான் மோந்து பாக்கறேன்.

— நீங்க வேணாம். நீங்க மோந்தா ட்ரைனேஜ் தண்ணியும் பன்னீராத்தான் இருக்கும். தள்ளுங்க.

— இன்னா வருது?

— பேசாதீங்க. மூச்சு வுடுங்க அந்தாண்ட பாத்து.

— இன்னாம்மா வருது?

— புளிப்பு. நல்ல புளிப்பு. அழுகின வாடை இல்ல. ஈஸ்ட்டு போட்ட பன்னு மாதிரி ஒரு வாடை வந்துச்சின்னா அது வேற சங்கதி, அதுவும் இல்ல. அண்ணா, மூக்கு பாஸு!

— ஸ்தோத்திரம்! ஒரு லெவல் எறங்கிட்டோம்!

— அய்யய்ய, இருங்க! ஞாபகம் வந்துச்சு. ஃப்ரிட்ஜு அணைஞ்சி இருந்துச்சே!

— எப்ப?

— அன்னிக்கிண்ணா. அக்காவை ஐஸ் பெட்டில வெச்சோமே. அந்தப் பெட்டிக்கு எங்க பிளக்கு போட்டோம்? இந்த வூட்ல பெரிய பாயிண்ட்டு ஒண்ணே ஒண்ணுதான. ஃப்ரிட்ஜுதைப் புடுங்கிட்டுத்தான பெட்டிக்குப் போட்டோம்!

— ஆமா. அதை மறந்துட்டேன்.

— உங்க பையன் ரோனி துபாய்லேந்து வந்து எறங்கற வரைக்கும் அக்கா பெட்டிலதான். அத்தினி நேரமும் இது அணைஞ்சிதான கெடந்துச்சு. திருப்பி யாரு போட்டது?

— நான்தான். கல்லறைலேந்து வந்தப்புறம். எல்லாரும் வெளிய பந்தல்ல உக்காந்துக்கினு இருந்தாங்க. உள்ள வந்தேன். வூடு செத்த மாதிரி இருந்துச்சு. எப்பவும் இது உர்ருன்னு கத்திக்கினே இருக்கும், ஐடாகூட திட்டுவா, இந்தப் பாழாப்போன சத்தம்னு. அந்தச் சத்தம் இல்லாம என்னால நிக்க முடியல. பிளக்கைப் போட்டேன். உர்ருன்னுச்சு. பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கினு உக்காந்துட்டேன்.

— அண்ணா...

— அதை வுடு. யாரும் கதவைத் தொறக்கலம்மா. மூடின ஃப்ரிட்ஜு சீக்கிரம் சூடாவாது. சில்லு உள்ளயே நிக்கும்.

— கொஞ்ச நேரம் நிக்கும். அத்தினி நேரம் எப்டி நிக்கும்? புடுங்கினது எங்க மமதா. நான் அக்கா தலையை மடில வெச்சிக்கினு இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. எப்ப புடுங்கினான்னு அவளைத்தான் கேக்கணும். இந்நேரம் ட்ரெயின் எறங்கியிருப்பா.

— அவ ராபர்ட்சன்பேட்டைல காய் வாங்கிக்கினு மெதுவா வருவா. நீ அடுத்ததைப் பாரு. கண்ணு இருக்குது இல்ல உனக்கு?

— சரி. முழுசாத் தொறக்கறேன். மூடியை நீங்க புடிங்க... தண்ணி நிக்குது!

— அய்யோ, தண்ணியா?

— தண்ணி நிக்கலாம்ண்ணா! லேசா மஞ்சளும் பச்சையும் கலந்த மாதிரி தெளிவா நிக்குது பாருங்க, கண்ணாடி மாதிரி. கலங்கி நின்னாத்தான் கவலைப்படணும். மேல பூசணம் பூக்கல, பஞ்சு மாதிரி ஒண்ணும் இல்ல. கண்ணு பாஸு!

— ரெண்டாவது லெவல்! நான் பாலை மறுபடி லேசா சூடு பண்ணட்டுமா?

— அடுப்புகிட்ட போவாதீங்க! இன்னும் விரல் பாக்கி கீது. இந்தக் கரண்டியால எடுத்துத் தூக்கிப் பாக்கணும். நூலு மாதிரி இழுத்துக்கினு வந்துச்சின்னா ஆவாது. பாருங்க... பாருங்க... வுட்டுச்சு! பொட்டுனு வுட்டுச்சு! கொழகொழப்பே இல்ல!

— பாஸா?

— பாஸு!

— பார்வதம்மா, மாப்பிள்ளைக்கு போன் போடட்டுமா, நாளைக்கி நான் வர்றேன்னு?

— பொறுங்க. ருசி ஒண்ணு கீது. புளிப்பு எவ்ளோ இருந்தாலும் பரவால்ல. கசப்பு வரக் கூடாது. கசப்பு வந்துச்சின்னா முடிஞ்சிச்சு. ஆனா யாரு வாய்ல வெக்கறது?

— கசப்பு இல்ல.

— உங்களுக்கு எப்டித் தெரியும்?

— இருக்காதுன்னு சொல்றேன்.

— இல்ல, இருக்காதுன்னு சொல்லல. இல்லைன்னு சொன்னீங்க. அண்ணா, இந்தப் பக்கம் ஒரு குழி கீதே, கரண்டி போட்டு அள்ளின மாதிரி. நான் பாக்க சொல்ல நெனைச்சேன்.

— ஒரு கரண்டிதாம்மா.

— எப்ப!

— உன்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடி.

— மூடியைத் தொறக்காதீங்கன்னு நான் கத்திக்கினு கீறேன், நீங்க தொறந்து, அள்ளி, முழுங்கி, மூடி, ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுக்கினு இருந்தீங்களா!

— அது எம் பொண்டாட்டி தயிர். யாரைக் கேக்கணும்?

— வயிறு இன்னா பண்ணுது? வலிக்குதா? பெரட்டுதா?

— பசிக்குது. ரொம்ப நாளைக்கி அப்பால நல்லாப் பசிக்குது. புளிப்புதான் பார்வதம்மா, சத்தியமா. பல்லு கூசற புளிப்பு. கசப்பு கொஞ்சமும் இல்ல. நான் சாப்ட்டு நிக்கறேன் பாரு, இதுக்கு மேல இன்னா டெஸ்ட்டு?

— உங்க வயிறு மைன் கேன்டீன்ல சாப்ட்ட வயிறு. அதை வெச்சி மாசமா இருக்கற பொண்ணுக்குக் கணக்குப் போட முடியாது. ஆனா... கசக்கலன்னா... அண்ணா, நல்லாத்தான் கீது போல! அக்கா தயிர் நின்னுடுச்சு போல!

— நின்னுடுச்சு! எனக்குத் தெரியும், நின்னுடும்னு! அந்தக் கரண்டியைக் குடு.

— ஒரே ஒரு தடவை வெளிச்சத்துல பாத்துடறேன். டியூப்லைட்டுல எல்லாமே வெள்ளையாத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டாங்க, இன்னும் வெயில் கீது. இப்டி சாச்சிப் புடிங்க.

— புடிச்சிருக்கேன். பாத்துட்டுச் சொல்லு சீக்கிரம்.

— இது இன்னா?

— எது?

— இந்த ஓரத்துல. கிண்ணத்தை ஒட்டினாப்ல. செவப்பா ஒரு கோடு.

— அது மூடிம்மா. ரோஸ் மூடியை நான் பக்கத்துலயே புடிச்சிக்கினு இருக்கேன் இல்ல, அந்த நெறம் அடிக்குது.

— மூடியை அந்தாண்ட வைங்க.

— வெச்சிட்டேன்.

— இன்னும் அந்தாண்ட. உள்ள கொண்டு போய் வெச்சிட்டு வாங்க.

— வெச்சிட்டேன், வெச்சிட்டேன். போச்சா?

— போவலண்ணா.

— நல்லாப் பாரு.

— நல்லாத்தான் பாக்கறேன். ரோஸா கீது. கீழ வரைக்கும் எறங்குது. இங்க பாருங்க, பின்னாடியும் ஒண்ணு.

— அதை மட்டும் வழிச்சி எடுத்துடு. அந்த ஓரத்தை. நடுவுல நல்லாத்தான இருக்கு, நான் நடுவுலேந்துதான் சாப்ட்டேன்.

— இது ரொட்டி ஓரம் இல்ல, பிச்சிப் போடறதுக்கு. கண்ணுக்குத் தெரியறது அந்தக் கோடு. தெரியாதது பூரா எறங்கியிருக்கும்.

— காய்ச்சிட்டா? தயிரையே ஒரு கொதி வுட்டுட்டா?

— காய்ச்சினா ஒறையும் செத்துடும்ண்ணா. அப்பால எதை ஊத்துவீங்க?

— ஒரு சொட்டு! ஒரே ஒரு சொட்டு நடுவுலேந்து எடுத்து அவ்ளோ பால்ல ஊத்தினா, அதுல இன்னா வந்துடப்போவுது? தோஞ்சப்புறம் அதுலேந்து ஒரு சொட்டு எடுத்து வேற பால்ல. அப்டி நாலு தடவை மாத்திட்டா?

— நாளைக்கிக் காலைல ட்ரெயின்னு சொன்னீங்க. நாலு தடவை மாத்தினாலும் நான் ஒத்துக்க மாட்டேன். ரோஸ் வந்தா கொட்டிடணும். அதுல பேச்சே இல்ல. வேற யாருக்காச்சும்னாகூட யோசிப்பேன், எலைனுக்கு என் கையால இதைத் தர மாட்டேன்.

— உன் கையால தர வேணாம். நான் தர்றேன்.

— கிண்ணத்தை வுடுங்கண்ணா.

— நீ வுடு. எனக்குத் தெரியும் பார்வதம்மா. ஐடா தயிர்னா உனக்கு எப்பவுமே ஒரு இது. அவ இருக்கற வரைக்கும் நீ ஜெயிக்க முடியல. இப்ப மிச்சம் இருக்கறது இந்த ஒரு கிண்ணம். இதுவும் போய்ட்டா இந்த லைன்ல உன் தயிர் மட்டும்தான்.

— இன்னாண்ணா சொன்னீங்க?

— கோவத்துல சொல்லிட்டேன்.

— சொல்லுங்க. நல்லாச் சொல்லுங்க. அக்கா இருந்தா இந்நேரம் உங்க முன்னாடியே எனக்கு ஒரு கரண்டி அவங்க தயிரை வாய்ல ஊட்டிவுட்டு, "இப்ப சொல்லுடி யாருது நல்லாருக்கு"ன்னு கேட்டுக்கினு இருப்பாங்க. நான் எப்பவும் என்னுதுன்னுதான் சொல்வேன். எது நல்லாருக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிக்கினேதான் சொல்வேன். ஒத்துக்கினா அந்த வெளையாட்டு முடிஞ்சிடும்ண்ணா.

— அழாதம்மா. நான் வாய் தவறி...

— ரோனி கல்யாணத்துல இன்னா நடந்துச்சு? சமையல்காரர் அண்டா நெறைய தயிர் எறக்கினாரு. அக்கா வந்தாங்க, பட்டுப் பொடவையோட குனிஞ்சி பாத்தாங்க, ஒரு மூலைல இதே மாதிரி ரோஸ் கோடு. சம்பந்தி வூட்டுக்காரங்க பந்தில உக்காந்தாச்சு. வழிச்சி எடுத்துட்டுப் போடலாம்னு எல்லாரும் சொன்னாங்க, நீங்களும் சொன்னீங்க. அக்கா இன்னா பண்ணாங்க?

— கவுத்துட்டா. அண்டாவோட.

— "தயிர் இல்லைன்னு சொல்லுங்க, மானம் போனா போவுது"ன்னாங்க. இப்ப அவங்க இங்க நின்னுக்கினு இருந்தா இன்னா செய்வாங்க? நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.

— போன் அடிக்குது.

— எலைன்தான். எடுங்க.

— ஹலோ... ஆங், சொல்லு கண்ணு... இருந்துச்சு. ஃப்ரிட்ஜுலயே இருந்துச்சு, பின்னாடி... ஆமா, மம்மியோட ரோஸ் மூடிக் கிண்ணம். நீ சிரிக்கறியா? சிரிக்கறது கேக்குது... எலைன், கேளு. கேளு கண்ணு. அது கெட்டுப்போச்சு... இல்ல, கொஞ்சம் இல்ல. முழுசா. பார்வதி ஆன்ட்டியும் நானும் நல்லாப் பாத்துட்டோம், ஓரத்துல ரோஸ் கோடு வந்துடுச்சு. அதை உனக்குத் தர முடியாது... தெரியும்டா. தெரியும். உனக்கு எவ்ளோ ஆசைன்னு டாடிக்குத் தெரியும். மம்மி இருந்தாலும் தர மாட்டா... நாளைக்கி நான் வர்றேன். வேற எதாச்சும் எடுத்துக்கினு... எலைன்? எலைன்?

— வெச்சிட்டாளா?

— அழுதுக்கினே வெச்சிட்டா.

— நல்லது செஞ்சீங்கண்ணா.

— குடு அதை. நானே ஊத்தறேன். முருங்கை மரத்தடில.

— நான் ஊத்தறேண்ணா. நீங்க உள்ள போங்க.

— இல்ல. அவளைப் பெட்டில வெச்சது நீங்கள்லாம், குழில மண்ணு போட்டது ரோனி. நான் ஒண்ணுமே பண்ணல, சும்மா நின்னுக்கினு இருந்தேன். இதையாச்சும் நான் பண்றேன்.

— மெதுவா. தண்ணி சிந்துது.

— போய்டுச்சு பாரு. எவ்ளோ சீக்கிரம் மண்ணு குடிச்சிடுச்சு.

— கிண்ணத்தை இப்டிக் குடுங்க, நான் வெந்நீர் ஊத்திக் கழுவித் தர்றேன்.

— அத்தே! அத்தே, இங்கயா இருக்கீங்க? வீடு தெறந்து கெடக்கு, குழம்பு தீஞ்சி ஸ்மெல் தெரு முனை வரைக்கும் வருது!

— அய்யய்ய, கொழம்பு! மமதா, ஓடு, ஓடிப்போய் அணை!

— அணைச்சிட்டுத்தான் வர்றேன். ட்ரெயின்ல நின்னே வந்தேன், சுஸ்தா இருக்கு, ஒடம்பே அசந்துபோச்சு. இன்னாச்சு? அங்கிள் ஏன் மரத்தடில அப்டி நிக்கறாங்க? எலைனுக்கு ஏதாச்சும்...?

— எலைனுக்கு ஒண்ணும் இல்லம்மா. அவ மம்மி தயிர் கேட்டா. ஐடா ஆன்ட்டி வெச்சிட்டுப் போனது ஒரு கிண்ணம் இருந்துச்சு. கெட்டுப்போச்சு. கொட்டிட்டோம்.

— ஐயோ அங்கிள்...

— அவ்ளோதான். கடைசிக் கிண்ணம். இனிமே அந்தத் தயிர் கெடையாது. அந்தப் பொண்ணு போன்ல இன்னா அழுகை அழறா தெரியுமா.

— அண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன். நாளைக்கி என் தயிர்ல சோறு பெசைஞ்சித் தர்றேன். எடுத்துக்கினு போங்க. எங்க அம்மா வூட்டு ஒறை, வேற ருசிதான், வாசல்லயே நின்னு சத்தம் போடும்தான். அக்காவுது மாதிரி வராது. என் வாயால சொல்றேன், வராது. இருந்தாலும் புள்ளை ஒரு வாய் வெச்சிப் பாக்கட்டும். அவங்கம்மா தயிர் இல்லைன்னு தெரிஞ்சே சாப்பிடட்டும்.

— கொண்டா பார்வதம்மா. வெறும் கையோட எப்டிப் போறது.

— நில்லுங்க, நில்லுங்க ரெண்டு பேரும். ஒண்ணும் புரியல எனக்கு. நீங்க எதுக்கு அழறீங்க?

— உனக்கு இன்னாடி தெரியும், ஒரு ஒறை போறதுன்னா இன்னான்னு?

— அத்தே, எங்க போச்சு? அன்னைக்கி வந்த ஜனத்துக்கு மோர் கரைக்கறேன்னு நம்ம சட்டியை யாரோ கடைசிச் சொட்டு வரைக்கும் வழிச்சிட்டாங்க, ஒறைக்குக்கூட மிச்சமில்ல. நீங்க ஆன்ட்டி தலையை மடில வெச்சிட்டு உக்காந்திருந்தீங்க, உங்களை எப்டிக் கேக்கறது? ஃப்ரிட்ஜ் பிளக்கைப் புடுங்க வந்தப்ப சில்லுன்னு, வெள்ளையா, அந்த ரோஸ் மூடிக் கிண்ணம் மாவு டப்பாக்குப் பின்னாடி இருந்துச்சு, ஒரு கரண்டி எடுத்துட்டுப் போய் நம்ம பால்ல ஊத்திட்டேன், அன்னைலேந்து நம்ம வீட்ல தோயறது, அங்கிள் தெனம் வழிச்சி வழிச்சி சாப்பிடறது, எல்லாமே ஐடா ஆன்ட்டி தயிர்தான்!